தறிச் சத்தம் என்றார்கள்

குமாரபாளையத்தில் பதினெட்டு வருஷம் விசைத்தறி ஓட்டியவன் நான். 2016-இல் வழக்கமான மாத்திரைக்கு மசியாத காசநோய் வந்தது. கானாமைசின் ஊசி, வாரத்தில் ஆறு நாள், ஆறு மாதத்துக்கு மேல்.

மூன்றாம் மாதம் காதுக்குள் சில்வண்டு கத்தத் தொடங்கியது. ஊசி ஆரம்பித்ததிலிருந்து நான் பட்டறைப் பக்கமே போகவில்லை. தறி ஓட்டியபோது வராத இரைச்சல், வீட்டில் படுத்திருக்கும்போது ஏன் வரவேண்டும்? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "தறிக்காரன் காது அப்படித்தான் மாப்ள" என்றார் மச்சான். ஊசி போடுகிற இடத்தில் ஒருமுறை சொன்னேன், அங்கேயும் அதே பதில். அதற்கப்புறம் ஏழு வாரம் வாயே திறக்கவில்லை. அந்த ஏழு வாரம்தான் என் காதைத் தின்றது.

மனைவி "சாவி எங்கே" என்றால் எனக்கு "ஆவி எங்கே" என்று விழும். மகள் பேசினால் உதடு அசைவதுதான் தெரியும். ஈரோட்டில் ஆடியோகிராம், அதாவது காது கேட்கும் அளவுச் சோதனை, எடுத்த பெண்தான் தாளிலிருந்த கோட்டைக் காட்டி விளக்கினார். தறிச் சத்தத்தில் போகிற காதுக்கு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுந்து, 8000-இல் கொஞ்சம் ஏறுமாம். என் கோடு இறங்கிக்கொண்டே போய் 8000-இல் அடியில் கிடந்தது. உட்காதில் கீச்சொலியைப் பிடிக்கும் மயிர்ச்செல்களைத்தான் கானாமைசின் முதலில் கொல்கிறது. செத்தவை திரும்ப முளைப்பதில்லை.

உங்களுக்கும் இப்படிப்பட்ட ஊசி என்றால், முதல் ஊசிக்கு முன்பே ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். என்னிடம் அது இல்லாததால்தான் "முன்னாடியே இப்படித்தான் இருந்திருக்கும்" என்று மற்றவர்களால் வாதாட முடிந்தது. மாதாமாதம் திரும்ப எடுங்கள். கிரியாட்டினினும் பாருங்கள், மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். முதலாளி எத்தனை ஆள் அனுப்பினாலும் தறிக்குப் போகாதீர்கள்; மருந்தோடு சத்தமும் சேர்ந்தால் சேதம் கூடும். இரைச்சல் கேட்டால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். என் நெஞ்சு அந்த வைத்தியத்தில்தான் குணமானது.

2018-இல் உலக சுகாதார நிறுவனமே இந்த நோய்க்குக் கானாமைசின் வேண்டாம் என்றது. இப்போது பெடாகுவிலின் மாத்திரை இருக்கிறது. ஆனால் அமிக்காசின், ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் எல்லாம் அதே குடும்பம், இன்னும் போடுகிறார்கள். ஊசியின் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மச்சான் இன்றைக்கும் தறியைத்தான் சொல்கிறார். ஆடியோகிராம் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். யார் அப்படிச் சொன்னாலும் பிரித்து, 8000-க்கு நேராக விரல் வைத்துக் காட்டுவேன்.