அம்பயர் தப்பு செய்தார்; அப்புறம்?

அன்புள்ள மகிழன்,

உன் மின்னஞ்சல் வந்தது. உங்கள் ஊர் அணி பிளேஆஃபில் தோற்ற ராத்திரியே உட்கார்ந்து எழுதியிருக்கிறாய் என்பது எழுத்திலேயே தெரிகிறது. அம்பயர் ஒருவர் கெடுத்தார், ஆட்டக்காரர் இருவர் காலை வாரினார்கள், இல்லாவிட்டால் கோப்பை நமக்குத்தான் என்கிறாய். 'அம்பயரைக் குறை சொல்வது தோற்றவன் புலம்பல்' என்று உன் நண்பன் சொன்னதில் உனக்குக் கூடுதல் கோபம்.

இரண்டு பேர் சொல்வதும் அரைகுறை என்பது என் கட்சி. ஏன் என்று விளக்க, நீ பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு நடந்த ஒரே ஒரு இன்னிங்ஸை எடுத்துக்கொள்கிறேன். அதை வைத்து அமெரிக்க ரசிகர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள்.

1985 அக்டோபர் 26, அமெரிக்க பேஸ்பாலின் உலகத் தொடரில் ஆறாவது ஆட்டம். ஏழில் நாலு ஜெயித்தால் கோப்பை. மிஸூரி மாநிலத்தின் இரண்டு பெரிய ஊர்கள் மோதின: செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், கான்சாஸ் சிட்டி ராயல்ஸ். தொடரில் கார்டினல்ஸ் 3–2 என முன்னிலை. அன்றைய ஆட்டத்திலும் 1–0. ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதியில் ராயல்ஸ் பேட்டிங். இன்னும் மூன்றே அவுட் எடுத்தால் முடிந்தது.

முதலில் வந்த ஹோர்ஹே ஓர்ட்டா அடித்த பந்து தரையோடு உருண்டு முதல் பேஸ்மேன் ஜாக் கிளார்க்கிடம் போனது. கிளார்க் அதை எடுத்து, பேஸை மிதிக்க ஓடிவந்த பிட்சர் டாட் வொரெலுக்குப் போட்டார். ஓர்ட்டா வந்து சேர்வதற்குள் வொரெல் கையில் பந்து, கால் பேஸில். அம்பயர் டான் டென்கிங்கர் கைகளை விரித்து 'சேஃப்' என்றார். தொலைக்காட்சியில் திரும்பப் போட்டபோது அது அவுட் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

டென்கிங்கர் கத்துக்குட்டி இல்லை; 1969 முதல் அமெரிக்கன் லீகில் அம்பயராக நின்றவர். முதல் பேஸ் அம்பயர்கள் பொதுவாக ஓடிவருபவரின் காலைக் கண்ணால் பார்ப்பார்கள். பந்து கையுறையில் விழும் சத்தத்தைக் காதால் பிடிப்பார்கள். எது முந்தியது என்று முடிவு செய்வது அப்படித்தான். அன்று அரங்கம் போட்ட கூச்சலில் காது பயன்படவில்லை. ரொம்பக் கிட்டே வேறு நின்றிருந்தார். வொரெல் ஆறடிக்கு மேல் ஐந்து அங்குலம் உயரம். மேலே பிடித்த பந்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைக் காலுக்கு இறக்குவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. பிற்பாடு அவர் தந்த விளக்கத்தின் சாரம் இதுதான்.

இங்கே ஒரு கோடு போட்டுக்கொள். தீர்ப்பு தப்பு என்பது முடிவான விஷயம். அதற்கு அப்புறம் என்ன நடந்தது என்பது தனி விஷயம். பெரும்பாலான ரசிகர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் பேசிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அடுத்து வந்த ஸ்டீவ் பால்போனி, ராயல்ஸ் டக்அவுட் ஓரமாகப் பந்தை உயரத் தூக்கினார். எளிதான கேட்ச். கிளார்க் அடியைச் சரியாகக் கணிக்கவில்லை, பந்து அவர் பக்கத்தில் விழுந்தது. உயிர் பிழைத்த பால்போனி ஒரு சிங்கிள் அடித்தார். அடுத்தவர் ஜிம் சண்ட்பெர்க் பந்தைத் தட்டிவிட்டுத் தியாகம் செய்யப் பார்த்தார். வொரெல் அதைப் பாய்ந்து எடுத்து மூன்றாவது பேஸுக்கு எறிந்து ஓர்ட்டாவை அவுட் ஆக்கினார். அதாவது, அம்பயர் தப்பாகக் காப்பாற்றிய ஆள் ரன் எடுக்கவேயில்லை.

அம்பயரை ஆதரிப்பவர்கள் இந்த இடத்தில்தான் எழுந்து நின்று கைதட்டுவார்கள். 'ஓர்ட்டா வெளியே போய்விட்டார், கணக்கு நேராகிவிட்டது' என்பார்கள். உன் நண்பனும் இதைத்தான் சொல்வான். நம்பிவிடாதே. ஓர்ட்டா முதலிலேயே அவுட் ஆகியிருந்தால், ஓர் அவுட்டுடன் முதல் பேஸில் பால்போனி மட்டும் நிற்க, சண்ட்பெர்க் மட்டையோடு வந்திருப்பார். நடந்தபடி பார்த்தால், ஓர் அவுட்டுடன் இரண்டு பேர் பேஸில் இருந்தார்கள். ஓர்ட்டாவை மூன்றாவது பேஸில் பிடிக்கப் போன நேரத்தில் சண்ட்பெர்க் முதல் பேஸைச் சேர்ந்துவிட்டார். தப்பான தீர்ப்பால் பேஸில் கூடுதலாக நின்ற ஆள் மறைந்து போகவில்லை, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டான்.

மிச்சத்தையும் பார். கேட்சர் டாரெல் போர்ட்டர் ஒரு பந்தைத் தவறவிட்டார். ஓட்டக்காரர்கள் இருவரும் ஆளுக்கொரு பேஸ் முன்னேறினார்கள். ஹால் மெக்ரேயை வேண்டுமென்றே நடக்க விட்டார்கள். மூன்று பேஸும் நிரம்பியது. வந்தவர் டேன் ஓர்ஜ். 1982இல் கார்டினல்ஸ் கோப்பை வென்றபோது அந்த அணியில் இருந்தவர். வலப்பக்கம் ஒரு சிங்கிள் அடித்தார். பால்போனிக்குப் பதில் ஓடிய ஆள் முதல் ரன், பின்னாலேயே தலைகுப்புறப் பாய்ந்து வந்த சண்ட்பெர்க் வெற்றி ரன். 2–1.

இப்போது நியாயமாகப் பங்கு பிரி. சண்ட்பெர்க் அங்கே நின்றதில் டென்கிங்கருக்குப் பங்கு உண்டு. பால்போனி அங்கே நின்றதில் கிளார்க்குக்குப் பங்கு உண்டு. இருவரும் ஒரு சிங்கிளில் வீடு வந்து சேரும் தூரத்தில் நின்றதில் போர்ட்டருக்குப் பங்கு உண்டு. செயின்ட் லூயிஸில் பலர் முதல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறந்துவிட்டார்கள்.

அதே ஆட்டத்தின் நாலாவது இன்னிங்ஸில் ராயல்ஸின் ஃபிராங்க் வைட் இரண்டாவது பேஸைத் திருட ஓடினார். வேறொரு அம்பயர் அவுட் கொடுத்தார். ரீப்ளேயில் அவர் சேஃப் போலவே தெரிந்தது. அப்போது மட்டை பிடித்திருந்தவர் உடனேயே ஒரு சிங்கிள் அடித்தார். வைட் இரண்டாவது பேஸில் இருந்திருந்தால் ரன் வந்திருக்கலாம். இதைப் பற்றிக் கான்சாஸ் சிட்டிக்கு வெளியே யாரும் பேசுவதில்லை. ஜெயித்தவனுக்கு நேர்ந்த அநியாயத்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

ஆறாவது ஆட்டம் போனாலும் ஏழாவது பாக்கி இருந்தது. அதில் கார்டினல்ஸ் 11–0 என்று உதை வாங்கியது. அந்த வருஷம் 21 வெற்றி கண்ட ஜான் டியூடர் மூன்றாவது இன்னிங்ஸைத் தாண்டவில்லை. சுழற்சி முறைப்படி அன்று ஹோம் பிளேட்டில் அம்பயர் டென்கிங்கர். அவரோடு சண்டைக்குப் போன மேனேஜர் வைட்டி ஹெர்ஸாகும் பிட்சர் வாக்கீன் அந்தூஹாரும் வெளியேற்றப்பட்டார்கள். முந்தின நாள் கோபத்தை ஓர் அணி மறுநாள் ஆட்டத்துக்குள் சுமந்துகொண்டு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஏழு ஆட்டங்களிலும் சேர்த்துக் கார்டினல்ஸ் எடுத்தது 13 ரன். அணியின் பேட்டிங் சராசரி .185. ஆறாவது ஆட்டத்தில் வேறு எந்த அம்பயர் நின்றிருந்தாலும் அந்த மட்டை தேறியிருக்காது.

ஆட்டக்காரர்கள் பற்றி நீ எழுதியதற்கு வருகிறேன். 'பெரிய ஆட்டத்தில் அவனுக்குக் கை நடுங்குகிறது' என்று உங்கள் ஷார்ட்ஸ்டாப்பை எழுதியிருக்கிறாய். 1985இல் கார்டினல்ஸின் ஷார்ட்ஸ்டாப் ஆஸி ஸ்மித். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுடன் நடந்த லீக் இறுதித் தொடரில் 23 முறை மட்டை பிடித்து 10 ஹிட். தொடர் நாயகன் விருதும் அவருக்கே. சில நாள் கழித்து உலகத் தொடரில் மறுபடி அதே 23 முறை. இந்தத் தடவை 2 ஹிட். முதல் தொடரோடு நிறுத்தியவன் அவரைத் துணிச்சல்காரர் என்பான், இரண்டாவதை மட்டும் பார்த்தவன் கோழை என்பான். அதே ஆள், அதே மட்டை, அதே அக்டோபர். ஒரு சீசனில் 162 ஆட்டம் நடப்பதே இந்த மேடுபள்ளம் சமப்பட்டு ஆளின் உண்மையான தரம் தெரிவதற்குத்தான். பிளேஆஃப் தொடர் யார் ஜெயித்தார் என்று சொல்லும். யார் எப்படிப்பட்டவர் என்று சொல்ல அதற்கு நீளம் போதாது. சிறந்த பேட்டரே பத்தில் ஏழு முறை தோற்கிற ஆட்டம் இது.

ஸ்ட்ரைக் விவகாரம் இன்னும் வழுக்கலானது. ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். நல்ல வேகப்பந்து பிட்சர் கையை விட்டு அங்கே வந்து சேர ஒரு விநாடியில் பாதிகூட ஆகாது. 1997 அக்டோபர் 12 அன்று, நேஷனல் லீக் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் அம்பயர் எரிக் கிரெக் வெளிப்பக்கம் வெகு தூரம் போன பந்தையெல்லாம் ஸ்ட்ரைக் என்றார். ஃப்ளோரிடா மார்லின்ஸின் 22 வயது லிவான் ஹெர்னாண்டஸ் அட்லாண்டா பிரேவ்ஸ் பேட்டர்களை 15 முறை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். மார்லின்ஸ் 2–1 என்று வென்றது. அட்லாண்டா ரசிகர்கள் கொதித்தது நியாயம். ஆனால் எதிர்ப்பக்கம் பந்து வீசியவர் கிரெக் மேடக்ஸ், வெளி ஓரத்தில் பந்தை வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்த அகலமான வாசல் அவருக்கும் திறந்தே இருந்தது. எல்லைக்கோடு தப்பாக இருந்தாலும் இருவருக்கும் ஒரே கோடு என்றால், அதை முதலில் கண்டுகொண்டவன் பக்கம் ஆட்டம் சாயும். அம்பயர் மோசம் என்பதோடு ஹெர்னாண்டஸ் அதை நன்றாகப் பயன்படுத்தினார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறவன்தான் ஆட்டத்தைப் பார்த்தவன்.

தொழில்நுட்பம் வந்தால் இந்தச் சண்டை ஓய்ந்துவிடும் என்று நினைக்கிறாய் அல்லவா? ஹோம் ரன்களுக்கு 2008இல் ரீப்ளே வந்தது. 2014இல் வேறு பல தீர்ப்புகளுக்கும் விரிந்தது. ஓர்ட்டா விவகாரம் இன்று சில நிமிடத்தில் திருத்தப்பட்டிருக்கும். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் சறுக்கி வந்தவன் பேஸிலிருந்து ஒரு நூல் அளவு எழும்பினாலும் கேமரா பிடித்துவிடுகிறது. இதற்கெல்லாம் அவுட்டா என்று புதுச் சண்டை. 2026 சீசனிலிருந்து ஸ்ட்ரைக் தீர்ப்பையும் எதிர்த்துக் கேட்கலாம். அணிக்கு இரண்டு வாய்ப்பு. கேட்டது சரியென்றால் வாய்ப்பு கையிலேயே இருக்கும். பேட்டர், பிட்சர், கேட்சர் மூவரில் ஒருவர் டக்அவுட்டைப் பார்க்காமல் உடனே தலையைத் தட்டிக் கேட்க வேண்டும். விளைவு என்ன தெரியுமா? மூன்றாவது இன்னிங்ஸில் அவசரப்பட்டு வாய்ப்பை வீணடித்தவன், ஒன்பதாவதில் தப்பான ஸ்ட்ரைக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அம்பயரின் தப்பு என்று நாம் ஒதுக்கிவைத்ததில் ஒரு பகுதி இனி ஆட்டக்காரனின் திறமைக் கணக்கில் ஏறும்.

இனி நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று. 1985க்குப் பிறகு செயின்ட் லூயிஸ் வானொலி அறிவிப்பாளர்கள் டென்கிங்கரின் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒலிபரப்பினார்கள். கொலை மிரட்டல்கள் வந்தன. விளையாட்டில் கோபத்துக்கு எல்லை மைதானத்தின் சுவர். அதைத் தாண்டி ஒரு மனிதனின் வீட்டு வாசலுக்குப் போனவன் ரசிகன் இல்லை.

2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில் அர்மாண்டோ கலராகா வரிசையாக 26 பேரை அவுட் ஆக்கியிருந்தார். 27ஆவது ஆளையும் எடுத்தால் பேஸ்பாலின் அபூர்வமான முழுமை ஆட்டம். முதல் பேஸில் தெளிவான அவுட்டை அம்பயர் ஜிம் ஜாய்ஸ் சேஃப் என்றார். கலராகா லேசாகச் சிரித்துவிட்டு அடுத்த ஆளை அவுட் ஆக்கப் போனார். ரீப்ளே பார்த்த ஜாய்ஸ் தன் தப்பை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். மறுநாள் அணிப் பட்டியலைக் கொண்டுபோய் ஜாய்ஸ் கையில் கொடுத்தவர் கலராகா. ஜாய்ஸுக்குக் கண் கலங்கியது. வாழ்நாள் சாதனை பறிபோனவனே அவ்வளவுதான் கோபப்பட்டான். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த நமக்கு அதைவிட எவ்வளவு உரிமை இருக்கிறது?

ஆகவே மகிழன், வாதாடு. வாதாடாமல் இருக்கச் சொல்லவில்லை. வாய் திறப்பதற்கு முன் மூன்று கேள்வி போதும். அந்தத் தீர்ப்பு எங்கள் அணிக்குச் சாதகமாக வந்திருந்தாலும் தப்பு என்பேனா? அதற்கு அப்புறம் எத்தனை பந்து, எத்தனை அவுட் மிச்சமிருந்தது, அதில் நாங்கள் என்ன செய்தோம்? எத்தனை முறை மட்டை பிடித்ததை வைத்து ஒருவனை எடைபோடுகிறேன்? கோபம் ஆறியதும் உங்கள் அணி தோற்ற அந்த இன்னிங்ஸை, அம்பயரின் தீர்ப்புக்கு அடுத்த பந்திலிருந்து ஒவ்வொன்றாக எழுதி எனக்கு அனுப்பு. அதைப் படித்துவிட்டு நானும் உன்னோடு சண்டைக்கு வருகிறேன்.

அன்புடன்,
மாமா