பாறைப் பிளவும் நீரும்

பெரம்பலூருக்கு மேற்கே தோன்றும் கருங்கற்பாறை நிலத்தின் ஆழத்தில் வெம்மையாலும் அழுத்தத்தாலும் உருவாகியது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லோ கிரிட்டேஷியஸ் காலத்துக் கடலடியிற் படிந்தது. (அக்கடல் இக்கால மாவட்ட எல்லையை அறியாது, பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்ட கல்மரம் அதன் படிவிலே கிடப்பது.) பிறப்பால் வேறாயினும், இரண்டன் நீரையும் வன்மையையும் பெரிதும் ஆள்வது பிளவே.

கருங்கல் துண்டொன்றை நீரில் ஊறவைப்பின் அஃது உட்கொள்ளும் நீர் மிகச் சிறிது. ஆயினும் அக்கல்லில் தோண்டிய கிணறு சுரக்கின்றது. மேலே சிதைந்து கிடக்கும் பாறையும் அதன் கீழுள்ள பிளவுகளுமே நீரைத் தாங்கி நடத்துவன. உழவர் ஊற்றுக்கண் என்பது பிளவின் வாயே. ஒருவர் கிணறு சுரக்க அடுத்த வயலில் தோண்டியது வறளுமாயின், அதனை விதியின்மேல் ஏற்றுவார் உளர். கணக்கு வேறு கூறும். சமமான இரு சுவர்களுக்கிடையே அமைதியாய் ஓடும் நீரின் அளவு, இடைவெளியை அதனாலேயே இருமுறை பெருக்கி வருந்தொகையைப் பின்பற்றும். அகலம் இருமடங்காயின் நீர் எண்மடங்கு. 1 மில்லிமீட்டர்ப் பிளவு ஒன்று, அதிற் பத்திலொரு பங்கு அகலமுள்ள 1000 பிளவுகளுக்கு நிகர்!

உண்மைப் பிளவோ கரடுமுரடானது. சில இடங்களில் ஒட்டியும் கிடக்கும். பிற பிளவுகளோடு கூடாத பிளவு, எத்துணை அகன்றதேனும், இறைத்த சின்னாளில் வற்றும். ஆகவே ஆராய்வோர் கிணற்றுச் சுவரிலும் சுரங்க முகப்பிலும் பிளவுகளின் திசையையும் நீளத்தையும் அளந்து, உள்ளே காணாதவற்றைக் கணிப்பொறியிற் பலவகையாய்ப் பின்னிப் பார்க்கின்றனர்.

இனி வன்மை. பாறைமேல் வீடு கட்டிய புத்திமானை மறைநூலில் அறிவோம். அப்பாறையிற் பிளவுண்டோ என்று வினவுவார் இலர். பிளவின் இரு முகங்களும் வழுக்காது நிற்பது, ஒன்றையொன்று அழுத்தும் விசையாலும் உராய்வாலும். நீர் எண்ணெய்போல் நின்று வழுக்கச் செய்கின்றதெனப் பலர் எண்ணுவர். அதன் பெருந்தீங்கு வேறு: உள்ளே தேங்கிய நீர் இரு முகங்களையும் அகலத் தள்ளி, அழுத்தும் விசையைக் குறைத்துவிடுகின்றது. பிரான்சு நாட்டு மால்பாசே அணை 1959 டிசம்பர் 2 இரவில் உடைந்து 400-க்கு மேற்பட்டோர் மாண்டனர். குறை காங்கிரீட்டில் இல்லை. இடக்கரைப் பாறையில் ஏறிய நீரழுத்தமே அடித்தளத்தைப் பெயர்த்தது.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கற் சுரங்கங்களிலும் சரிவுகளை இக்கண்கொண்டே நோக்கல் வேண்டும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்றுப் பிளவின் சுவரைக் கரைத்து அகலமாக்கும். களிமண்ணும் அதில் நிரம்பலாம். ஐப்பசி கார்த்திகை அடைமழையிற் சரிவு நிற்பதற்குப் பிளவில் தேங்கிய நீரை வடித்தல் முறை. ஆயின் அப்பிளவு வயற்கிணற்றோடு தொடர்புடையதாயின், வடிவது உழவரின் நீரன்றோ? சரிவு நிற்குமோ என்று மட்டும் பார்க்கும் மாதிரி பாதிக் கணக்கே. எத்துணைத் தொலைவிலுள்ள கிணறு எத்துணை அடி தாழும் என்பதும் அதில் வரல் வேண்டும்.