நீர் உரைக்கும் காரணம்

நுழையும்முன்
ஒரே அறிகுறி பல நோய்களுக்குப் பொதுவாக அமைவதுண்டு. கண்டவுடன் காரணத்தை ஊகிப்பது எளிது. ஆராய்ந்து தெளிவதே பயன் தரும். வயிற்றில் நீர் சேர்வதன் காரணத்தை மருத்துவர் கண்டறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பெருக்கும் வயிறு
வயிற்றறையில் மிகுதியாக நீர் சேரும் நிலையை மகோதரம் என்பர். சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோயே இதற்குப் பெரும்பான்மையான காரணமாகும். மது, கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் பி, சி வைரசுகள், கல்லீரலில் படியும் கொழுப்பு ஆகியவற்றால் கல்லீரல் நெடுங்காலம் புண்பட்டுத் தழும்பேறுகிறது. இரத்தம் அதனூடே எளிதில் செல்ல இயலாமையால், குடலிலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் உயர்கிறது. சிறுநீரகங்களும் உப்பையும் நீரையும் உடலில் தேக்குகின்றன. விளைவாக, நீர் கசிந்து வயிற்றில் நிறைகிறது.

எனினும், வயிற்றறையின் உறையைப் பற்றும் காசநோய், புற்றுநோய், இதயச் செயலிழப்பு ஆகியவற்றாலும் வயிறு இவ்வாறே பெருக்கும். மது அருந்துபவர் என்பதனாலேயே கல்லீரலைக் காரணமாகக் கொண்டால், மருந்தால் குணமாகக்கூடிய காசநோய் கவனிக்கப்படாமல் போகலாம்.

ஒரு கழித்தல் கணக்கு
ஆகவே, மருத்துவர் மெல்லிய ஊசியால் அந்நீரைச் சிறிதளவு எடுத்து ஆய்வுக்கு அனுப்புகிறார். அதே நாளில் இரத்தமும் எடுக்கப்படுகிறது. இரத்தச் சீரத்திலுள்ள ஆல்புமின் அளவிலிருந்து வயிற்று நீரிலுள்ள ஆல்புமின் அளவு கழிக்கப்படுகிறது. வேறுபாடு டெசிலிட்டருக்கு 1.1 கிராமோ அதற்கு மேலோ இருப்பின், போர்ட்டல் சிரையின் உயர் அழுத்தமே காரணம் எனக் கொள்வர். கல்லீரல் சுருக்கமும் இதயச் செயலிழப்பும் இவ்வகையின. வயிற்று நீரின் மொத்தப் புரதம் 2.5 கிராமுக்குக் குறைந்தால் கல்லீரலையும், மிகுந்தால் இதயத்தையும் ஐயுறுவர். ஆல்புமின் வேறுபாடு 1.1க்குக் குறைந்தாலோ, காசநோய், புற்றுநோய் போன்றவற்றைத் தேடுவர்.

காத்திருக்கலாகாத எண்
அந்நீரில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களும் எண்ணப்படுகின்றன. ஒரு கன மில்லிமீட்டரில் அவை 250 அல்லது அதற்கு மேல் இருப்பின் நீரில் கிருமித்தொற்று உள்ளதாகக் கருதுவர். இது உயிருக்கே ஊறு விளைவிக்கும். எனவே, கிருமி வளர்ப்பு ஆய்வின் முடிவுக்குக் காத்திராமல் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தைத் தொடங்குவர்.

வயிற்றின் தோற்றம் நோயின் இருப்பைக் காட்டும். காரணத்தைக் காட்டுவது நீரே.

கற்பவை கற்றபின்
1. ஒருவரது சீர ஆல்புமின் 3.2 கிராம், வயிற்று நீரில் 2.6 கிராம். அவர் நெடுங்காலம் மது அருந்தியவர். கல்லீரல் மட்டுமே காரணம் என்று முடிவு செய்யலாமா? காரணம் கூறுக.
2. நோயாளியின் பழக்கத்தைக் கொண்டே நோயை முடிவு செய்வதால் விளையும் தீங்கு குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.