மாடி வீட்டில் வெண்டைச் செடி

தில்லியில் காய்கறி வண்டிக்காரரிடம் வெண்டைக்காயின் முனையை ஒடித்துப் பார்த்து வாங்கும் துணிச்சல் நம்மவர்களில் பலருக்கு இன்னும் இருக்கிறது. எனக்குப் போய்விட்டது. "ஒடித்ததையெல்லாம் யார் வாங்குவது, பாபுஜி?" என்று ஒருநாள் நாலு பேர் நடுவில் கேட்டுவிட்டார். பணி ஓய்வுக்குப் பின் இரண்டாம் மாடிப் பால்கனியில் நானே வெண்டை வளர்க்கத் தொடங்கியதற்கு அந்த வெட்கமும் ஒரு காரணம். நான்கு ஆண்டுகளில் கற்றதை, பட்டதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

முதலில் சறுக்கியது மாதக் கணக்கில். தை பிறந்தால் விதைக்கலாம் என்ற ஊர்ப் பழக்கத்தில் ஜனவரிக் கடைசியில் விதை போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் எல்லாம் அழுகியிருந்தன. மண்ணில் 16, 17 டிகிரி வெப்பமாவது இல்லாவிட்டால் வெண்டை முளைக்காது. இங்கே பிப்ரவரிக் கடைசி முதல் மார்ச் நடுப்பகுதி வரை ஒரு விதைப்பு, மழை தொடங்கும் ஜூன் கடைசி, ஜூலையில் மறு விதைப்பு. விதையை முதல் நாள் இரவே ஊற வைத்துவிட வேண்டும்.

பூந்தொட்டி போதாது. வெண்டைக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கும். அதனால்தான் நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நட்டால் சுணங்கிவிடுகிறது. 20 லிட்டர் பெயிண்ட் வாளியை நன்றாகக் கழுவி, அடியில் ஐந்தாறு துளை போட்டு, நேரே அதிலேயே மூன்று விதை ஊன்றுங்கள். முளைத்ததில் வலுவான ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கத்தரித்துவிடலாம். இரண்டு பங்கு தோட்டத்து மண், ஒரு பங்கு மக்கிய சாண எரு, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. மண் இறுகினால் கொஞ்சம் மணல். ஆறு மணி நேர வெயில் கட்டாயம் வேண்டும். வடக்குப் பார்த்த பால்கனிக்காரர்கள் கீரையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இருவர் உள்ள வீட்டில் வாரம் இரண்டு நாள் கறிக்குப் பத்து வாளியாவது வேண்டும். ஒரே செடியில் குடும்பத்துக்கே காய் கிடைக்கும் என்பவரை நம்பாதீர்கள்.

மே மாதத்து லூ காற்றில் காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும். செடி வெயிலைத் தாங்கும். வாளிக்குள் வேகும் வேர்தான் தாங்காது. நான் வாளியைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டி, மண்மேல் காய்ந்த இலைகளைப் பரப்பிவிடுகிறேன்.

இனிச் சொல்லப் போவதுதான் முக்கியம். வெண்டைக்குப் பெரிய எதிரி மஞ்சள் நரம்புத் தேமல் நோய். இலையின் நரம்புகள் மட்டும் வலை பின்னியதுபோல் மஞ்சளாகும். பிறகு காயும் வெளிறி நார் பற்றிவிடும். இது வைரஸ் நோய். மருந்து கிடையாது. செடிக்குச் செடி கொண்டு போவது வெள்ளை ஈ. இரண்டாம் ஆண்டு ஆகஸ்டில், முதலில் பூத்த செடியில் இந்த அடையாளம் தெரிந்தது. பிடுங்க மனம் வரவில்லை. இரும்புச் சத்துக் குறைவாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பத்து நாள் கடத்தினேன். அதற்குள் என் செடிகளில் ஏழு போயின. அது என் பாடு. ஆனால் என்னிடமே விதை வாங்கி, இடைச் சுவருக்கு அப்பால் ஆசையாக நான்கு செடி வைத்திருந்த வங்காளி அம்மையாரின் செடிகளும் மஞ்சளாயின. தண்ணீர் சரியாக விடவில்லையோ என்று அவர் தம்மையே நொந்துகொண்டார். உண்மையைச் சொல்ல எனக்கு மேலும் ஒரு வாரம் ஆயிற்று.

இப்போது முதல் இலை மஞ்சள் வலை காட்டிய அன்றே வேரோடு பிடுங்கிப் பையில் கட்டி எறிந்துவிடுகிறேன். வாரம் ஒருமுறை ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில், இலையின் அடிப்புறத்தில் தெளிப்பதும் உண்டு. ஈ இருக்குமிடம் அதுதான்.

விதை வாங்குவதிலும் கவனம் வேண்டும். நம் தில்லி ஆராய்ச்சி நிலையத்தின் 'பூசா சாவனி' ஒரு காலத்தில் இந்த நோயைத் தாங்கிய ரகம். பிற்பாடு அந்தத் திறன் போய்விட்டது. (1905-இல் பீகாரின் பூசா என்ற ஊரில் தொடங்கிய நிலையம், 1934 நிலநடுக்கத்துக்குப் பின் 1936-இல் தில்லிக்கு வந்தது. ஊரை விட்டாலும் பேரை விடவில்லை!) பின்னால் வந்த 'பூசா ஏ-4', பெங்களூரின் 'அர்கா அனாமிகா' இரண்டும் பரவாயில்லை. அவற்றையும் முழுக்க நம்பிப் பிடுங்காமல் இருந்துவிடக் கூடாது.

விதைத்து ஒன்றரை மாதத்தில் பூக்கும். காலையில் விரியும் பூ மாலைக்குள் வாடிவிடும். அன்றிலிருந்து ஐந்தாம், ஆறாம் நாள் காயைப் பறித்துவிட வேண்டும். ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்து வந்தால் விறகுதான். முற்றிய காய் செடியில் நின்றால் புதுக் காயும் குறையும். சுணை அரிக்கும் என்பதால் முழுக்கைச் சட்டையும் கத்தரிக்கோலும் தேவை.

நோயில்லாத செடி ஒன்றில் கடைசி இரண்டு காய்களை மட்டும் வெடிக்கும்வரை விட்டு விதை எடுக்கிறேன். ஒட்டுரக விதையில் இது பலிக்காது. விதை வேண்டும் அன்பர்கள் பிப்ரவரியில் சங்க நூலகத்தில் என்னைப் பார்த்தால் ஒரு பொட்டலம் தருகிறேன். பக்கத்து வீட்டு அம்மையாருக்கு ஏற்கெனவே எடுத்து வைத்தாயிற்று.