ஸ்பெயின் தேசத்து விருந்தோம்பலும் உணவும்

செர்வாண்டிஸ் என்னும் ஸ்பானிய நூலாசிரியர் 1615-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டான் குவிக்ஸோட்' இரண்டாம் பாகத்தில் ஒரு சத்திரம் வருகின்றது. வழிநடந்து களைத்த சாஞ்சோ உண்பதற்கு யாதுளதென வினவ, வானத்துப் பறவையும் நிலத்துப் பறவையும் கடல்மீனும் எது வேண்டினும் உண்டென்கிறான் சத்திரக்காரன். அவ்வளவு வேண்டா, வறுத்த கோழிக்குஞ்சு இரண்டு போதுமென்கிறான் சாஞ்சோ. அவற்றைப் பருந்து கொண்டுபோயிற்றாம். பெட்டைக்கோழி கேட்டால், ஐம்பதுக்கு மேற்பட்டவற்றை நேற்றுத்தான் நகரத்திற்கு விற்க அனுப்பியாயிற்றாம். கன்றிறைச்சியும் ஆட்டிறைச்சியும் தீர்ந்துவிட்டன. அடுத்த வாரம் மிகுதியாயிருக்குமாம். முட்டையேனும் உண்டோ என்றால், கோழியே இல்லையென்ற வீட்டில் முட்டை எங்ஙனமிருக்குமென்று அவன் திருப்பிக் கேட்கின்றான். ஈற்றில் அடுப்பிலிருந்தவை கொண்டைக்கடலையும் வெங்காயமும் பன்றிக்கொழுப்புஞ் சேர்த்து வேகவைத்த மாட்டுக்கால் இரண்டே. சாஞ்சோ அவற்றைத் தனக்கென்றே குறித்துக்கொள்கின்றான்.

இது வெறும் நகைச்சுவையென்று தள்ளத்தக்கதன்று. அந்நாட்டிற் பிரயாணஞ் செய்த பிறநாட்டார் பலரும், சத்திரத்திற் கூரையும் நெருப்பும் கிடைக்கும், உணவைத் தாமே கொண்டுசெல்ல வேண்டுமென்று நெடுங்காலம் எழுதிவந்தனர். 1830 முதல் 1833 வரை அங்கு வாழ்ந்த ரிச்சர்டு போர்டு என்னும் ஆங்கிலேயர் 1845-இல் வெளியிட்ட பிரயாணக் கைந்நூலும் அவ்வெச்சரிக்கையைத் தாங்கியதே. ஆனால் அவரே, சத்திரங்களிற் காணாத தாராளத்தை வழியில் உண்டுகொண்டிருக்கும் ஏழைகளிடத்திற் கண்டதாகவுங் குறிக்கின்றார். விலைக்குத் தரும் உபசாரம் வேறு, விலையின்றித் தரும் உபசாரம் வேறு. ஸ்பெயினில் இவ்விரண்டும் ஒன்றாக வளரவில்லை. முன்னதனைத் திருத்தும் நோக்கத்தோடு அரசாங்கமே விடுதி நடத்தத் தொடங்கியது. 'பராதோர்' எனப்படும் அவ்விடுதிகளுள் முதலாவது 1928-ஆம் ஆண்டில் கிரேடோஸ் மலையில் திறக்கப்பெற்றது. இன்று அவை நூற்றுக்குச் சற்றே குறைவு. அவற்றுட் பல, பழைய கோட்டைகளும் மடங்களுமாம்.

பின்னதற்கோ வேர் மிக ஆழம். வடமேற்குக் கோடியிலுள்ள சாந்தியாகோ நகருக்குப் புனித யாக்கோபின் கல்லறையை நாடி யாத்திரிகர் ஆயிரமாண்டுக்கு மேலாக நடந்து வருகின்றனர். அவர்களுக்காகப் பாலமும் சாலையும் ஆதுலர்சாலையும் அமைத்தலே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார் 11-ஆம் நூற்றாண்டிற் பிறந்த தோமிங்கோ என்னுந் துறவி. அவர் பெயரால் ஓர் ஊரே வழங்குகின்றது. சாந்தியாகோவில் பெர்டினாண்டு அரசரும் இசபெல்லா அரசியும் யாத்திரிகருக்கென எடுப்பித்த பெரிய மனை 1954 முதல் விடுதியாக விளங்குகின்றது. பெருஞ்செல்வர் தங்குமிடமாகிய அவ்விடத்திலும், நாள்தோறும் முதலில் வந்துசேரும் யாத்திரிகர் பதின்மருக்கு இலவசமாக உணவளிக்கும் பழைய வழக்கம் நம் காலம்வரை நீடித்து வந்துளது. வழிநெடுகத் தன்னார்வத்தொண்டர் நடத்துந் தங்குமனைகள் சிலவற்றில் கட்டணமென்று ஒன்றில்லை; வாயிலருகே ஒரு பெட்டி மட்டும் இருக்கும். இயன்றவர் இயன்றதை இடுவர். 2024-இல் இவ்யாத்திரையை முடித்துச் சான்றிதழ் பெற்றோர் ஏறத்தாழ 4,99,000 பேர்.

இனி, அங்குச் செல்லும் மாணவர் முதலிற் கற்கவேண்டுவது நேரம். மாலை ஆறு மணிக்குப் பசித்த வயிற்றோடு உணவுச்சாலையை நாடிச் செல்பவர் பூட்டிய கதவைக் காண்பர். நாமும் முதனாள் அங்ஙனமே கண்டு, பழக்கடையொன்றில் வாங்கிய ஆரஞ்சுப் பழங்களோடு வீதிப் பலகையில் அமர்ந்திருந்தோம். காலையில் ஒரு குவளைக் காப்பியும் ஒரு துண்டு ரொட்டியும். முற்பகலிற் சிறிது தின்பண்டம். பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே தலைமையான உணவு. மாலை ஐந்தாறு மணிக்குச் சிறுவர்க்குச் சிற்றுண்டி. இராவுணவு ஒன்பதுக்கு முன் அரிது. வேனிற்காலத்திற் பத்துமணியும் ஆகும். சிற்றூர்களில் நண்பகலுணவு வேளையிற் கடைகளும் அடைபட்டிருக்கும்.

இதனைச் சோம்பலென்று கூறுவார் கூற்று அறியாமையின்பாற்பட்டது. மாட்ரிட் நகரம் கிரீனிச்சுக்கு மேற்கே கிடப்பது. நியாயமாக அதன் கடிகாரம் லண்டன் கடிகாரத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். 1940-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒருமணி முன்தள்ளி, ஜெர்மனி முதலிய மத்திய ஐரோப்பிய நாடுகளின் நேரத்தோடு இணைத்தது. அது பின்னர்த் திருப்பப்படவில்லை. அதனாற் குளிர்காலத்திற் சூரியன் மாட்ரிட்டில் உச்சிக்கு வரும்போது மணி ஏறத்தாழ 1.15, வேனிலில் 2.15. இரண்டுமணிக்கு உண்பவர் சூரியக் கணக்கில் உச்சிவேளைக்கே உண்கின்றனர். இராவுணவின் தாமதத்திற்கு இக்காரணம் மட்டும் போதாதென்பது எம் கருத்து. வெப்பமும், மாலையில் வீதியிற் கூடிப் பேசும் வேட்கையும் அதிற் பங்குடையன.

பகலுணவில் 'அன்றாட உணவு' என்னும் ஏற்பாடு சிக்கனம் விரும்பும் மாணவர்க்கு மிகவும் உதவுவது. ஒரே விலைக்கு முதற்றட்டு, இரண்டாந்தட்டு, ரொட்டி, குடிப்பதற்கொன்று, ஈற்றில் பழமோ இனிப்போ கிடைக்கும். 1960-களில் அரசாங்கம் பிரயாணிகளின் பொருட்டு உணவுச்சாலைகளின்மேற் சுமத்திய விதியினின்று இது வளர்ந்தது. இப்பொழுது இதனால் மிகுதியும் பயன்பெறுவோர் அந்நாட்டுத் தொழிலாளரும் எழுத்தருமே. உண்டு முடித்தபின் ஒருவரும் எழுந்திரார். மேசையைச் சுற்றி இருந்தவாறே பேசிக்கொண்டிருக்கும் அவ்வேளைக்கு அவர்கள் மொழியிற் தனிப்பெயரே உண்டு: 'சோப்ரெமேசா'. பணச்சீட்டைக் கேளாமற் கொண்டுவந்து வைத்தல் விருந்தினரைத் துரத்துவது போலாம் என்பது பணியாளர் எண்ணம். இஃதறியாத பிறநாட்டார், தம்மைக் கவனியாது விட்டனரென்று சினந்துகொண்டிருப்பர்.

ஸ்பானிய உணவென்று ஒன்றைச் சுட்டிக் கூறுதல் அரிது, மாகாணந்தோறும் வேறு. வடகடலோரத்தில் மீனும் பயறும். நடுமேட்டுநிலத்தில் அடுப்பில் வாட்டிய ஆட்டுக்குட்டி. தெற்கே அந்தலூசியாவில் தக்காளி, ரொட்டி, பூண்டு, ஒலிவநெய் ஆகியவற்றை அரைத்துக் குளிர்வித்த 'கஸ்பாச்சோ'. ஒலிவநெய் எங்குமுண்டு, உலகில் அதனை மிகுதியாக விளைவிப்பது இந்நாடே. அராபியர் விட்டுச்சென்ற பயிர்களும் சொற்களும் பல: அரிசி, சர்க்கரை, குங்குமப்பூ, கத்தரி என்னும் இவையெல்லாம் அரபுச்சொற்களாலேயே அங்கு வழங்குகின்றன. ஆரஞ்சுப்பழத்தைக் குறிக்கும் 'நரஞ்ஹா' என்னுஞ் சொல், அரபு பாரசீகம் வழியாக வடமொழி 'நாரங்க'த்திற்குச் செல்லும். அதன் மூலம் திராவிடமாயிருத்தல் கூடுமென மொழிநூலார் கருதுவர். நம் நாரத்தையை நினைத்துக்கொண்டு வீதிப்பலகையில் அதனை உரித்துத் தின்றது எமக்குச் சிறிது ஆறுதலளித்தது.

வலென்சியா நாட்டுச் சோறாகிய 'பாயேயா' அகன்ற தட்டையான இருப்புச்சட்டியின் பெயரையே தனக்குப் பெயராகக் கொண்டது. கடலுயிர்கள் நிரம்பியது என்று வெளிநாட்டார் எண்ணுவர். ஊராரோ, கோழி, முயல், பச்சை அவரை, வெள்ளை அவரைக்கொட்டை, குங்குமப்பூ இவையே பழைய முறையென்பர். சட்டியின் அடியிற் பற்றிய காந்தலுக்குப் போட்டியுண்டு. இதனைப் பகலில் உண்பதே வழக்கம். இரவில் இதனைக் கேட்பவர் தாம் அயலாரென்பதைத் தாமே அறிவித்தவராவர்.

பன்றியிறைச்சியைப்பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். எம்மிருவருள் ஒருவர் புலாலுண்ணாதவர். ஓருணவுச்சாலையில் இறைச்சியில்லாத பயற்றங்கூழ் கேட்டதற்கு வந்த தட்டில் செந்நிறத் துண்டுகள் மிதந்தன. வினவியபோது, 'இஃது இறைச்சியன்று, ஹாமோன்' என்றார் பணியாளர், ஏளனமாகவன்று, மெய்யாகவே. உப்பிட்டுலர்த்திய பன்றித்தொடை அங்கு உப்புப்போற் சுவைகூட்டும் பொருளாகி நிற்கின்றது. இதற்குப் பின்னே ஒரு துயரக்கதை உண்டு. 1492-இல் யூதர் நாடு கடத்தப்பட்டனர். 1609 முதல் 1614 வரை, முஸ்லிம்களாயிருந்து மதம் மாறியவர்தம் சந்ததியாரும் துரத்தப்பட்டனர். தங்கி ஞானஸ்நானம் பெற்றோரையும் சமய விசாரணை மன்றம் நம்பவில்லை. பன்றியை உண்ணாமையும், கொழுப்பிற்குப் பதிலாக எண்ணெயிற் சமைத்தலும், வெள்ளிக்கிழமையே சனிக்கிழமை உணவை அடுப்பிலேற்றி வைத்தலும் குற்றச்சாட்டிற்குரிய அடையாளங்களாயின. யூதர் சனிக்கிழமைக்கென இரவெல்லாம் வேகவைத்த கொண்டைக்கடலைக் குழம்பே பன்றிக்கொழுப்புச் சேர்ந்து இன்றைய 'கோசிதோ'வாயிற்றென்பர். அயலவர் காணப் பன்றியை உண்டு காட்டினார்க்கே வாழ்வு. விருந்துமேசை ஒரு காலத்தில் உளவுமேசையாகவும் இருந்ததென்பதை மறத்தலாகாது.

புலாலுண்ணாதார் 'இறைச்சி வேண்டா' என்பதோடு நில்லாது, ஹாமோனும் சூரைமீனும் வேண்டாவென்றும் கூறுதல் வேண்டும். சேவில்லா நகரத்துக் கொண்டைக்கடலைக் கீரை, வறுத்த பச்சைமிளகாய், தக்காளி தேய்த்த ரொட்டி, பாதாமும் பூண்டும் அரைத்த வெண்கஞ்சி ஆகியன நம்பத்தக்கவை. முட்டையுண்பார்க்கு உருளைக்கிழங்குத் 'தோர்த்தியா' எங்குங் கிடைக்கும். கிரனாடா நகரிற் பானம் ஒன்று வாங்கினால் சிறு தட்டில் தின்பண்டம் இலவசமாக வரும். வடக்கே சான் செபாஸ்தியானில் துண்டுதோறும் விலையுண்டு.

வீட்டிற்கு அழைக்கவில்லையென்று வருந்தற்க. ஸ்பானியர் நண்பரைக் காண்பது பெரும்பாலும் வெளியிலேயாம். அழைத்தவரே பணங்கொடுப்பர், அப்போது நம் பங்கைக் கணக்கிட்டு நாணயங்களை எண்ணி வைத்தல் அவரை வருத்தும். அடுத்தமுறை நாம் முந்திக்கொள்ள வேண்டும்.

இவ்வுபசாரம் இன்று பெருஞ்சோதனைக்கு உள்ளாகியுளது. 2024-இல் வந்த பிறநாட்டுப் பிரயாணிகள் ஏறத்தாழ 9 கோடியே 38 இலட்சம். நாட்டின் குடிகளோ 5 கோடிக்குங் குறைவு. வீடுகளெல்லாம் பிரயாணிகளின் தற்காலிக இருப்பிடங்களாக மாற, ஊரார்க்கு வாடகை எட்டாததாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் பார்சலோனாவில் ஊர்வலஞ் சென்றோர் சிலர், உணவுச்சாலை முற்றத்தில் உண்டுகொண்டிருந்த பிரயாணிகள்மேல் விளையாட்டுத் துப்பாக்கியால் நீரைப் பீச்சினர். பிரயாணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் பதினாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மனைகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப்பின் புதுப்பிப்பதில்லையென அந்நகராட்சி அறிவித்துளது. நீர் பீச்சியதை நாம் புகழோம். ஆயினும் தம் வீதியில் தாம் குடியிருக்க இயலாதவர் மனம் புழுங்குதல் இயல்பே.

ஈற்றில் எம் பிழையொன்று. உண்டுகொண்டிருப்பவர் அருகே எவர் வரினும் 'தாங்கள் விரும்புகின்றீரா?' என்று அழைத்தல் பழைய ஸ்பானிய மரியாதை. நன்றிகூறி, 'நன்கு செரிக்க' என்று வாழ்த்தி விலகுதலே தகுந்த விடையென்று போர்டு முதலானோர் எழுதியுளர். நாமும் அதனை நன்கு படித்துச் சென்றிருந்தோம். மாட்ரிட்டிலிருந்து தெற்கே செல்லும் ஒரு மெதுவான புகைவண்டியில் எதிரிலிருந்த மூதாட்டி, காகிதப்பொட்டலத்தை அவிழ்த்து எம்மை அழைத்தார். விதிப்படி நன்றி கூறினோம். மீண்டும் அழைத்தார், மீண்டும் நன்றி. மூன்றாமுறை ஒரு துண்டை அறுத்து நீட்டினார். அப்பொழுதும் கையசைத்து மறுத்தோம். அவர் முகம் வாடிற்று. சாளரத்தை நோக்கியவாறு உண்டார். முதலழைப்பே மரியாதைக்கு, இரண்டாவது மெய்யானது என்பதை அடுத்திருந்த இளைஞரொருவர் பின்னரே எமக்கு உரைத்தார். எஞ்சிய வழியெல்லாம் அவரிடம் எங்ஙனம் மன்னிப்புக் கேட்பதென்று அறியாது இருந்தோம். தம் நிலையத்தில் இறங்குமுன் அம்மூதாட்டி எஞ்சிய தோர்த்தியாவைக் காகிதத்தோடு எம் பக்கத்திருக்கையில் வைத்துவிட்டு, ஒன்றுஞ்சொல்லாது சென்றார். வண்டி புறப்பட்டபின் பிரித்துப் பார்த்தோம். உருளைக்கிழங்கும் வெங்காயமும் முட்டையும், ஹாமோன் இல்லை. இருவரும் உண்டோம்.