பிள்ளைக்குக் கவனம் இல்லையா, சொன்னது பிடிபடவில்லையா? பள்ளி மதிப்பீடு பற்றிப் பெற்றோருக்குச் சில விளக்கங்கள்

நம் அறக்கட்டளையின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் பெற்றோரிடம் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலையும் கேட்டு வாங்குகிறோம். அதன் அடியில் ஆசிரியர் எழுதும் குறிப்புகளில் சில திரும்பத் திரும்ப வருகின்றன: ‘கவனம் போதாது’, ‘சொல்வதைக் காதில் வாங்குவதில்லை’, ‘முயன்றால் முடியும்’. இதைப் படித்ததும் சில வீடுகளில் அடி விழுகிறது. சில வீடுகளில் இன்னொரு டியூஷன் சேர்க்கிறார்கள். பிள்ளையால் ஏன் முடியவில்லை என்று சோதித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளை ஃபெயில் ஆக்குவதில்லை. அதனால் மூன்றாம் வகுப்பிலேயே தலைகாட்டிய சிரமம் ஒன்பதாம் வகுப்பில்தான் பெற்றோருக்கு உறைக்கிறது. ‘இவனுக்குப் படிப்பு ஏறாது’ என்று பையனைக் கடைக்கு அனுப்பிவிடுகிறோம். பெண் பிள்ளையை வீட்டோடு நிறுத்திவிடுகிறோம். அந்த முடிவுக்கு வருமுன் செய்ய வேண்டியவை சில உண்டு.

பார்வைக்கு ஒன்று, காரணம் வேறு

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாட்டில் பிள்ளைக்குக் கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தி வைப்பது கடினம். நோட்டை மறப்பான், பாதி கணக்கில் எழுந்துவிடுவான், கேள்வி முடியுமுன் பதில் சொல்வான். எல்லாப் பிள்ளைகளும் துள்ளித் திரியமாட்டார்கள். சிலர், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், சத்தமில்லாமல் கனவு கண்டபடி உட்கார்ந்திருப்பார்கள். தொந்தரவு இல்லாததால் யாரும் கண்டுகொள்வதில்லை.

செவிவழிப் புரிதல் குறைபாடு வேறு வகை. காது கேட்கும்; கேட்ட ஒலியை மூளை பிரித்துப் பொருள் கொள்வதில் தடங்கல் இருக்கும். அமைதியான அறையில் பேசினால் புரியும். மின்விசிறியும் சலசலப்பும் சேர்ந்த வகுப்பறையில் பாதி போய்விடும். ‘என்ன, என்ன’ என்று கேட்பான். மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் ஒன்றைத்தான் செய்வான். ஒத்த ஒலியுள்ள சொற்களைக் குழப்பி எழுதுவான்.

வகுப்பில் நிற்கும் ஆசிரியர் கண்ணுக்கு இருவரும் ஒரே மாதிரி தெரிவார்கள். சில பிள்ளைகளிடம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஊகித்துப் பெயர் வைப்பதை விட்டு முறையாக மதிப்பீடு செய்யச் சொல்வது இதனால்தான்.

முதலில் காதும் கண்ணும்

அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது சாதாரணம். ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் மந்தமாக இருக்கும். அப்பிள்ளையை ‘வேண்டுமென்றே கேட்காதவன்’ என்கிறோம். ஆகவே முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டி ஆடியோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். கண் பரிசோதனையும் அவசியம்.

ஆடியோகிராம் சரியாக இருந்தால் ‘குறை ஒன்றுமில்லை’ என்று வீடு திரும்பிவிட வேண்டாம். அது மெல்லிய ஒலி கேட்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். இரைச்சலுக்கு நடுவே பேச்சு புரிகிறதா, இரு காதிலும் ஒரே நேரத்தில் வரும் வெவ்வேறு சொற்களைப் பிரித்துச் சொல்கிறானா என்பதற்குத் தனிச் சோதனைகள் உள்ளன. செவித்திறன் வல்லுநர்கள் பெரும்பாலும் ஏழு வயதுக்குப் பிறகே இவற்றைச் செய்கிறார்கள்.

பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள்

கற்றல் குறைபாட்டுச் சான்றுக்காக மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில், எது முந்தியதோ அப்போது, ஆசிரியர்களே முதற்கட்டச் சோதனை செய்ய வேண்டும் என்றது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டுக்கும் இது பொருந்தும். கேட்காத வரை பல இடங்களில் நடப்பதில்லை.

வாசலில் நின்று வாய்மொழியாகச் சொல்வதோடு விடாதீர்கள். தலைமை ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். ‘என் பிள்ளை மக்கு’ என்பது போன்ற சொற்கள் வேண்டாம். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: ‘பாடத்தைத் தானே படித்தால் புரிகிறது, டிக்டேஷன் கொடுத்தால் பாதிச் சொற்கள் விடுபடுகின்றன.’ எந்த வயதிலிருந்து, எந்த நேரத்தில், வீட்டில் எப்படி, மதரஸாவில் எப்படி என்று குறிப்பிடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார். அங்கு நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாமின் தேதியைக் கேளுங்கள். மாவட்டத்தில் டி.இ.ஐ.சி. எனப்படும் இடையீட்டு மையத்திலும் 18 வயது வரையுள்ளவர்களைப் பார்க்கிறார்கள். சென்னை அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பன்முக மாற்றுத்திறனாளிகள் தேசிய நிறுவனம் இருக்கிறது.

மதிப்பீட்டில் என்ன நடக்கும்?

ஏ.டி.எச்.டி.க்கு இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. குழந்தை நல மருத்துவர் அல்லது மனநல மருத்துவர், உளவியலாளர் ஆகியோர் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் தனித்தனியே கேட்டறிவார்கள். அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடித்தனவா, 12 வயதுக்கு முன்பே தொடங்கினவா, பள்ளி, வீடு என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள். ஆசிரியரின் படிவம் இல்லாமல் மதிப்பீடு முழுமையாகாது.

வீட்டில் பேசும் மொழியை மறக்காமல் சொல்லுங்கள். வீட்டில் உருது, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் மட்டும் சோதனை வைத்தால், ஆங்கிலம் வராததைக் குறைபாடு என்று எண்ணிவிட இடமுண்டு.

சட்டம் என்ன தருகிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, இருபத்தொரு குறைபாடுகளை வரிசைப்படுத்துகிறது. அதில் ஏ.டி.எச்.டி. தனிப் பெயராக இல்லை. செவித்திறன் குறைவு என்ற பிரிவுக்கு இரு காதுகளிலும் 60 டெசிபல் இழப்பாவது வேண்டும். ஆடியோகிராம் சரியாக உள்ள பிள்ளை அதில் வராது. ஆனால் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்ற பிரிவு, எழுத்து மொழியோடு பேச்சு மொழியைப் புரிந்துகொள்வதில் வரும் தடங்கலையும் சேர்த்துச் சொல்கிறது. எனவே கவனச் சோதனையோடு கற்றல் குறைபாட்டுச் சோதனையையும் சேர்த்துச் செய்யும்படி கேளுங்கள்.

இப்பிரிவில் வரும் பிள்ளைகளுக்குத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழி விலக்கு போன்ற மாற்றங்களைப் பள்ளிகள் செய்ய வேண்டும் என்று 17-ஆம் பிரிவு கூறுகிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் சான்று பெற்றவர்களுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையும் உண்டு. பொதுத்தேர்வுச் சலுகைக்குத் தலைமை ஆசிரியர் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு வந்த பிறகு ஓடாமல் எட்டாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

சான்று கிடைக்காவிட்டாலும் அறிக்கை வீண்போகாது. முன் வரிசையில், மின்விசிறிக்கும் ஜன்னலுக்கும் விலகி உட்காரவைப்பது, முகம் பார்த்துப் பேசுவது, வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்வது, வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடுவது, நடுவே எழுந்து நடக்க விடுவது ஆகியவற்றுக்குப் பைசா செலவில்லை. மருந்து தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். நாமாகத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

மக்தபுக்கும் இது பொருந்தும்

நம் மக்தப்களில் முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் சத்தமாக ஓதுவார்கள். நமக்கு அது இனிமை. செவிவழிப் புரிதலில் தடங்கல் உள்ள பிள்ளைக்கோ உஸ்தாதின் குரல் அந்தச் சத்தத்தில் கரைந்துவிடும். ‘ஸீன்’, ‘ஸாத்’ வேறுபாடு பிடிபடாது. தண்டனை மட்டும் கிடைக்கும். அப்பிள்ளையை உஸ்தாத் தம் அருகே உட்காரவைத்து, உதடு தெரியும்படி ஒரு வசனத்தை இரண்டு மூன்று துண்டாக்கிச் சொல்லிக் கொடுத்தாலே மாற்றம் தெரியும். ஒரு மணி நேரம் உட்கார முடியாதவனுக்குப் பாடத்தை இரண்டாகப் பிரிக்கலாம். பிரம்பு இவ்விரண்டையும் குணப்படுத்தாது.

ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. துஆவோடு சிகிச்சையும் தேடுவதே நம் மார்க்கம் காட்டும் வழி. அறிவு தேடி வந்த பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டு ‘அபஸ’ சூரா இறங்கியதை நாம் அறிவோம். அவர்களே பின்னர் மதீனாவில் பாங்கு சொல்பவராகவும் இருந்தார்கள். கற்க வந்தவரின் குறையைக் காரணம் காட்டி ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் நமக்குத் தேவையில்லை.

மதிப்பெண் குறைந்துவிட்டது என்பதற்காக நம் அறக்கட்டளை கல்வி உதவியை நிறுத்துவதில்லை. பள்ளிக்குக் கடிதம் எழுதத் தெரியாதவர்கள் அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். மதிப்பீட்டுக்குச் சென்று வரும் பயணச் செலவுக்கும் விண்ணப்பிக்கலாம். பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். ‘படிப்பு ஏறாது’ என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.