குற்றாலச் சீசனுக்கு எங்கே தங்குவது? அருவியடியா, மலையடியா, அச்சன்புதூர்ப் பக்கமா

குற்றாலத்துக்கு அறை தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "அருவிக்கு எவ்வளவு தூரம்?" என்றுதான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. குளிக்க முடியாத நாளில் அந்த இடத்தில் இருப்புக் கொள்ளுமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து, கேரளத்தில் கொட்டியது போக மிச்சத்தைச் சாரலாக இந்தப் பக்கம் தூவுவதுதான் சீசன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்று பொதுவாகச் சொன்னாலும், மேலே மலையில் எப்போது எவ்வளவு பெய்யும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. இரண்டு நாள் வெயில் அடித்தால் ஐந்தருவியில் ஐந்து கிளைகளும் மெலிந்துபோகும். ஒரு ராத்திரி கனமழை பெய்தால் பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழும். உடனே குளிக்கத் தடை போட்டுக் கயிறு கட்டிவிடுவார்கள். அந்தத் தடையைக் குறை சொல்ல முடியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவன் உயிரிழந்தான். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை வந்து சேரும் மலை இது. மூன்று நாள் தங்கல் என்றால் ஒரு நாள் குளியல் இல்லாமல் போகலாம் என்ற கணக்கோடுதான் இடம் பிடிக்க வேண்டும்.

இந்தக் கணக்கை வைத்து முதலில் குற்றாலத்தையே பார்ப்போம். பேரருவியைச் சுற்றியும் மேலகரம், காசிமேஜர்புரம் பக்கமும் லாட்ஜுகளும் வாடகை வீடுகளும் நிறைய உண்டு. பேரருவியில் இரவிலும் குளிப்பது நெடுநாள் வழக்கம். கூட்டம் கலைந்த நேரம் பார்த்து எழுந்து போய்க் குளித்துவிட்டு வருவது அருவியடியில் தங்குகிறவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் சுகம். முட்டுவலி உள்ள பெரியவர்களுக்கும், தனி வண்டி இல்லாமல் தென்காசியில் ரயில் இறங்கி வருகிறவர்களுக்கும், ஒரே ராத்திரி தங்கல்காரர்களுக்கும் நான் தயங்காமல் சொல்வது குற்றாலம்தான். ஆனால் அங்கே அறை என்பது பெரும்பாலும் பையை வைக்கவும் படுக்கவும் மட்டுமே ஆன இடம். சனி, ஞாயிறுகளில் வாடகை ஏறும், தெருவில் வண்டி நகராது. அருவியில் தடை என்றால் அந்த நாலு சுவருக்குள் என்ன செய்வது? ஒரு காலத்தில் குற்றாலத் தங்கல் இப்படி இல்லை. ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தைக் கழித்த குற்றாலம் வீட்டில் ராஜாஜியும் கல்கியும் விருந்தாளிகளாக இருந்தார்கள்; குளித்தது போக மீதி நேரமெல்லாம் கம்பனும் பேச்சும்தான். திருவிதாங்கூர் அரசர்களின் குற்றாலம் அரண்மனை இன்றும் கேரள அரசின் வசத்தில் இருக்கிறது. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதற்கென்றே கட்டிய வீடுகள் அவை. அந்தத் தங்கலை இன்று குற்றாலத்துக்குள் தேடுவது கஷ்டம்.

அடுத்தது மலையடிவாரம்: மேக்கரை, குண்டாறு, வடகரைக்கு மேற்கே தோப்புக்குள் இருக்கும் ரிசார்ட்டுகள். படத்தில் பார்த்தால் மனம் போகத்தான் செய்யும். பச்சை மலை, நீச்சல் குளம், "எங்களுக்கே சொந்த அருவி" என்ற விளம்பரம். அந்தச் சொந்த அருவியிடம்தான் எச்சரிக்கை வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கை ஓடைகளைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த தனியார் விடுதிகள் மீது 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கடுமையான நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. தென்காசி மாவட்டத்தில் சில இடங்களுக்குச் சீல் வைக்கப்பட்டது. ஓடை கீழே இருக்கும் குளத்துக்கும் வயலுக்கும் உரியது. அதை மறித்து விழவைத்த தண்ணீரில் குளிப்பதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். யானையும் உண்டு. வடகரை, மேக்கரைத் தோப்புகளில் யானைக் கூட்டம் புகுந்து தென்னையையும் வாழையையும் சாய்ப்பது அங்கே அடிக்கடி வரும் செய்தி. இருட்டிய பிறகு குழந்தைகளை வெளியே விட முடியாத இடத்துக்கு ஓய்வுக்காகப் போவதில் அர்த்தம் குறைவு. எல்லா ரிசார்ட்டும் தப்பானவை என்று நான் சொல்லவில்லை. எது சரியானது என்று வருகிறவர் கண்டுபிடிக்க வழி குறைவு என்பதுதான் சங்கடம். இதற்கு வழி செய்த இடமும் உண்டு: ஸ்காட்லாந்தில், கடைக்கோடித் தீவில் ஒரு சின்ன வீட்டை விடுமுறைக்கு வாடகைக்கு விடுவதற்குக்கூட உரிமம் வேண்டும். ஏற்கெனவே விட்டுக்கொண்டிருந்தவர்கள் 2023 அக்டோபர் 1க்குள் அதற்கு விண்ணப்பித்தாக வேண்டும் என்று விதித்தார்கள். அப்படி ஒரே சீரான உரிமமும் உரிம எண்ணும் நம் தோப்பு வீடுகளுக்கும் வர வேண்டும்.

இவை இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் அச்சன்புதூர்ப் பக்கம். பேரூராட்சி, கடைத்தெரு, போலீஸ் ஸ்டேஷன், பஸ் எல்லாம் உள்ள ஊர். மலை மேற்கே கண்ணுக்கு எதிரிலேயே நிற்கிறது, ஆனால் காட்டின் விளிம்பு வாசலில் இல்லை. ஊரை ஒட்டிய தோப்பிலோ தெருவிலோ சமையலறையும் திண்ணையும் உள்ள ஒரு வீடு கிடைத்தால் குடும்பத்தோடு நாலு நாள் தங்க அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பது என் கட்சி. காரணம் எளிது: அங்கே அருவி இல்லாத நாளும் நாளாக இருக்கும். பண்பொழி திருமலைக் குமாரசாமி கோயில் பக்கத்தில்தான். மலைமேல் வரை வண்டி போகும், மேலே நின்றால் வயலும் குளமும் தென்னையுமாக நாடு முழுக்கத் தெரியும். மேக்கரையில் அனுமன் நதியை மறித்துக் கட்டிய 132 அடி அடவிநயினார் அணை இருக்கிறது. அதை மாலையில் போய்ப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். ஒன்றுக்கும் போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் சாரல் காற்று இங்கேயும் வருகிறது. குற்றாலம் என்று நாம் ஆசைப்படுவதில் பாதி அந்தக் காற்றுதானே?

இதற்கு மறுப்பு உண்டு. குளிக்கத்தானே போகிறோம், பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளித் தங்கி என்ன பயன் என்று கேட்பார்கள். வண்டி இருந்தால் விடியலில் கிளம்பி, வெளியூர்க் கூட்டம் வந்து சேரும் முன் ஐந்தருவியிலோ பழைய குற்றாலத்திலோ குளித்துவிட்டு, காலைச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். நடுப்பகலில் வரிசையில் நின்று குளிப்பதைவிட இது மேல். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று முறை குளித்தால்தான் மனம் ஆறும் என்பவருக்கு இது ஒத்துவராது. அவர் குற்றாலத்திலேயே தங்கட்டும். சாப்பாடு இன்னொரு கேள்வி. பிரானூர் பார்டர் பரோட்டாவுக்காகவே வருகிறவர்கள் தினமும் போய்வரச் சலித்துப்போவார்கள். கேஸ் அடுப்பு உள்ள வீடு என்றால் ஒரு வேளை வெளியே, இரு வேளை வீட்டில் என்று வைத்துக்கொள்ளலாம். குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் குடும்பத்துக்கு வயிறு கெடாமல் இருப்பதும் ஓய்வில் சேர்த்தி. தோப்பு வீட்டில் பாம்பு பயம் என்பார்கள், அதுவும் நியாயமே. அதனால்தான் தோப்புக்கு உள்ளே ஆழத்தில் இருக்கும் வீட்டைவிட, வாசல் வரை தார் ரோடும் தெருவிளக்கும் வரும் வீடே நல்லது என்கிறேன்.

முன்பணம் அனுப்பும் முன் வீட்டுக்காரரிடம் சிலவற்றை வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். சாரல் நாளில் துணி காயாது. எட்டுப் பேரின் ஈர வேட்டியும் துண்டும் சுடிதாரும் தொங்க, கூரைக்கு அடியில் காற்றோட்டமான இடத்தில் கொடி இருக்கிறதா? காற்றில் மட்டை விழுந்து கரண்ட் போனால் இன்வெர்ட்டர் உண்டா, இல்லையென்றால் மோட்டார் ஓடாத நேரத்துக்கு மேல்தொட்டியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்? காரை நிறுத்த இருக்கும் இடம் தென்னைக்கு அடியிலா? அருவியில் தடை போட்டு நீங்கள் வரவில்லை என்றால் முன்பணம் திரும்புமா, வேறு தேதிக்கு மாறுமா? ஆதார் வாங்கிப் பதிவேட்டில் எழுதுகிறாரா? எழுதுகிறவர் என்றால் பொறுப்பானவர் என்று நம்பலாம். இவற்றுக்கெல்லாம் நேரடியாகப் பதில் சொல்கிற வீட்டைப் பிடித்து, சனி ஞாயிறைத் தவிர்த்து, திங்கள் முதல் வியாழன் வரை போய்வாருங்கள்.